படுக்கையறையில் கைத்துப்பாக்கிப் பெட்டகம்: எந்தப் பூட்டு, எந்தச் சுவர்?

ஆயர்_ஈத்தாம்_வணிகர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஜோர்ஜ் டவுன் லிட்டில் இந்தியா பகுதியில் எங்கள் குடும்பம் நகைக்கடை நடத்தி வருகிறது. அந்தத் தொழிலின் பொருட்டு, காவல்துறையின் முறையான உரிமத்தோடு ஒரு கைத்துப்பாக்கி என் பெயரில் இருக்கிறது. இதுவரை அது கடையிலுள்ள பெரிய இரும்புப் பெட்டகத்தில்தான் இருந்தது. கடை மூடும் நேரமும் பணத்தை எடுத்துச் செல்லும் முறையும் மாறிவிட்டதால், அதை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டிய இரவுகள் இப்போது கூடியிருக்கின்றன. ஆகவே கட்டிலுக்கு அருகே பொருத்தும் சிறிய பெட்டகம் ஒன்று வாங்க எண்ணுகிறேன்.

வீடு ஆயர் ஈத்தாமில் உள்ள இரண்டு மாடித் தொடர் வீடு. மனைவி, முதிய தாயார், படிவம் இரண்டில் பயிலும் மகன், ஆண்டு நான்கில் பயிலும் மகள், வீட்டுப் பணிப்பெண் ஆகியோர் என்னோடு வசிக்கிறார்கள். விரல்ரேகைப் பூட்டா, எண் பூட்டா, வெறும் சாவியா என்பது என் முதல் கேள்வி. கட்டிலோரச் சிறுமேசையின் இழுப்பறைக்குள் திருகி வைத்தால் போதுமா, சுவரிலோ தரையிலோ பதிக்க வேண்டுமா என்பது இரண்டாவது. துப்பாக்கி வைத்திருக்கலாமா கூடாதா என்ற விவாதத்தை இங்கே தொடங்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அதைக் காவல்துறை ஏற்கெனவே தீர்மானித்துவிட்டது.

சுபாங்_சுடுதளம் எழுதியது:

ஐயா, பெட்டகத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் உங்கள் உரிமத்தில் அச்சிடப்பட்டிருக்கும் நிபந்தனைகளை ஒருமுறை முழுமையாகப் படித்துவிடுங்கள். ஆயுதம் எங்கே வைக்கப்படும் என்று நீங்கள் விண்ணப்பத்தில் குறிப்பிட்டிருந்தால், அந்த இடத்தை மாற்றுவதற்கு முன் பினாங்கு சாலையில் உள்ள மாநிலக் காவல் தலைமையகத்தின் உரிமப் பிரிவில் கேட்டு, பதிலை எழுத்தில் பெற்றுக்கொள்வது நல்லது. இணையத்தில் காணப்படும் ஆலோசனைகளில் பெரும்பாலானவை அமெரிக்கர்கள் அமெரிக்கர்களுக்காக எழுதியவை. அவர்களுடைய வீடும் வேறு, சட்டமும் வேறு.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். அங்கே எழுதுகிறவர்கள், “உங்கள் மனைவியின் விரல்ரேகையையும் பெட்டகத்தில் பதிவு செய்துவையுங்கள்” என்று சர்வ சாதாரணமாகச் சொல்வார்கள். நம் மலேசியாவில் 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் உரிமம் இல்லாதவரிடம் ஆயுதம் உடைமையாகவோ, காவலிலோ, கட்டுப்பாட்டிலோ இருக்கக் கூடாது என்கிறது. அதற்கு மேல் 1971ஆம் ஆண்டின் சுடுகலன்கள் (கூடுதல் தண்டனைகள்) சட்டம், சட்டவிரோதமாகச் சுடுகலன் வைத்திருப்பவருக்குப் பதினான்கு ஆண்டுகள் வரை சிறையும் ஆறு பிரம்படிக்குக் குறையாத தண்டனையும் விதிக்க இடமளிக்கிறது. உரிமம் உங்கள் பெயரில் மட்டும் இருக்கிறது. பெட்டகத்தைத் திறக்கும் வழி இன்னொருவர் கையிலும் இருந்தால், அவரை நீங்களே ஆபத்தில் நிறுத்துகிறீர்கள். ஆகவே நீங்கள் தேடுவது குடும்பத்துக்கான பெட்டகம் அன்று. ஒரே ஒருவர் மட்டும் திறக்கக்கூடிய பெட்டகம். இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால் உங்கள் மற்றக் கேள்விகளில் பாதிக்குத் தானாகவே விடை கிடைத்துவிடும்.

வழக்கறிஞர்_செந்தூல் எழுதியது:

சுபாங் நண்பர் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். ‘உடைமை’ என்பதை நீதிமன்றங்கள் எடைபோடும்போது, பொருள் அங்கே இருப்பதை ஒருவர் அறிந்திருந்தாரா, அதைத் தம் விருப்பப்படி கையாளும் நிலையில் இருந்தாரா என்ற இரண்டையும் பார்க்கின்றன. பெட்டகம் இருப்பது மனைவிக்குத் தெரிவதில் தவறில்லை, தெரிந்திருப்பதே நல்லது. எண்ணோ சாவியோ அவரிடம் இருப்பதுதான் தேவையற்ற வாதத்துக்கு வழிவிடும். நீங்கள் இந்தியாவுக்கோ வேறெங்குமோ நெடுநாள் பயணம் செல்வதானால், துப்பாக்கியைப் பூட்டிய பெட்டகத்தில் விட்டுச் செல்லாமல் காவல் நிலையத்தில் ஒப்படைத்துச் செல்வதற்கு ஏற்பாடு செய்யுங்கள். இது பொதுவான கருத்து. உங்கள் உரிமத்தைப் பார்க்காமல் இதற்கு மேல் நான் எதையும் சொல்லக் கூடாது.

செலாயாங்_பூட்டுக்காரர் எழுதியது:

இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பூட்டுத் தொழிலில் இருக்கிறேன். பூட்டு வகைகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்; சற்று நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் விரல்ரேகை. வேகமானது என்பதால் எல்லாரும் இதைத்தான் கேட்டு வருகிறார்கள். ஆனால் 2023 அக்டோபரில் அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் ஒரு நிறுவனத்தின் விரல்ரேகைத் துப்பாக்கிப் பெட்டகங்கள் ஏறத்தாழ 61,000ஐத் திரும்பப் பெறச் செய்ததை வாங்குகிறவர்கள் அறிந்திருக்க வேண்டும். அதன் கோளாறு விசித்திரமானது. தொழிற்சாலையிலிருந்து வரும்போது அந்தப் பெட்டகம் எந்த விரலை வைத்தாலும் திறக்கும் நிலையில் இருந்தது. உரிமையாளர் தம் விரலைப் பதிவு செய்துவிட்டதாக நம்புவார். பதிவு சரியாக நிகழ்ந்திருக்காது. அவர் விரல் வைத்ததும் கதவு திறப்பதால் அவருக்கு ஐயமும் எழாது. ஒரு பன்னிரண்டு வயதுச் சிறுவனின் மரணம் தொடர்பான வழக்குக்குப் பிறகே இது பெரிய செய்தியாயிற்று. அடுத்த ஆண்டில் வேறு சில நிறுவனங்களின் பெட்டகங்களும் இதே காரணத்துக்காகத் திரும்பப் பெறப்பட்டன. ஆகவே விரல்ரேகைப் பெட்டகம் வாங்கினால், அது உங்களுக்குத் திறக்கிறதா என்று சோதிப்பது சோதனையே ஆகாது. உள்ளே ஒன்றும் வைக்காமல், பதிவு செய்யாத விரல்கள் அத்தனையையும் வைத்துப் பார்த்து, ஒன்றுக்கும் திறக்கவில்லை என்று உறுதிசெய்ய வேண்டும். மின்கலம் மாற்றிய ஒவ்வொரு முறையும் இதைத் திரும்பச் செய்ய வேண்டும். நம் ஊர் வெக்கையில் வியர்த்த விரலும், எண்ணெய் படிந்த விரலும், வயதாகித் தேய்ந்த ரேகையும் இந்த உணரிகளைத் தடுமாறச் செய்யும் என்பது தனிக் கதை.

அடுத்தது எண் பலகை. இதில் பூட்டை விடுவிப்பது உள்ளே இருக்கும் சிறிய மின்காந்த ஊசி. மலிவான பெட்டகங்களில் அந்த ஊசியைத் தடுத்து நிறுத்தும் சுருள்வில் மிகவும் இலேசானது. 2012இல் கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் கூடும் டெஃப் கான் மாநாட்டில் பூட்டு ஆய்வாளர்கள் சிலர், சந்தையில் விற்ற சிறிய துப்பாக்கிப் பெட்டகங்கள் சிலவற்றைச் சில அங்குல உயரத்திலிருந்து கீழே போட்டாலே திறந்துகொள்வதைச் செய்து காட்டினார்கள். குழந்தைகூடச் செய்யக்கூடியது என்பதுதான் அவர்கள் சொல்ல வந்த செய்தி. அசையாமல் பதிக்கப்பட்ட பெட்டகத்தில் இந்த ஆபத்து பெருமளவு குறைகிறது. ஆகவே பதிப்பது திருட்டைத் தடுக்க மட்டும் அன்று. தங்கும் விடுதி அறைகளில் பார்க்கும் வகைப் பெட்டகங்களை இதற்கு வாங்கவே வேண்டாம். அவற்றின் தகடு மெல்லியது. முகப்பில் பிளாஸ்டிக் மூடிக்குள் மாற்றுச் சாவித் துளை இருக்கும். பெரும்பாலும் அந்தத் துளையில் இருப்பது ஆக மலிவான பூட்டு.

மூன்றாவது, மின்சாரமே இல்லாத இயந்திரப் பொத்தான் பூட்டு. ஐந்து பொத்தான்கள் இருக்கும். ஒன்றையோ இரண்டு மூன்றைச் சேர்த்தோ வரிசையாக அழுத்த வேண்டும். மின்கலம் தீரும் கவலை இல்லை, இருட்டிலும் தடவித் திறக்கலாம், ஆண்டுக்கணக்கில் உழைக்கும். நான் விரும்பும் பூட்டு இது. ஆனால் இதன் கணக்கையும் சொல்ல வேண்டும். இதில் அமையக்கூடிய வரிசைகள் மொத்தமே 1,082. ஒன்றுக்கு ஐந்து விநாடி என்று வைத்தால், ஒன்றரை மணி நேரத்தில் அத்தனையையும் முயன்று பார்த்துவிடலாம். படிவம் இரண்டில் பயிலும் பையனுக்குப் பள்ளி விடுமுறையில் ஒரு பிற்பகல் போதும். சில முறை தவறாக அழுத்தினால் தானாகப் பல நிமிடங்களுக்கு முடங்கிவிடும் நல்ல எண் பலகையில் இந்த வழி அடைபடுகிறது. பிள்ளைகள் உள்ள உங்கள் வீட்டுக்கு, என் விருப்பத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, முடங்கும் வசதியுள்ள எண் பலகையைத்தான் பரிந்துரைப்பேன். எந்த வகையானாலும் தொழிற்சாலை எண்ணை வாங்கிய அன்றே மாற்றிவிடுங்கள். பிறந்தநாள், கார் எண், கடையின் தொலைபேசி எண் ஆகிய மூன்றும் வேண்டாம். பிள்ளைகள் முதலில் முயல்வது அவற்றைத்தான்.

அட்டையோ கைவளையமோ காட்டித் திறக்கும் வகையைப் பற்றி ஒரே வரி: நீங்கள் குளிக்கும்போது அந்த வளையம் எங்கே இருக்கும்?

பிரிக்ஃபீல்ட்ஸ்_தாதி எழுதியது:

வணிகர் ஐயா விவாதம் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். துப்பாக்கி வேண்டுமா என்று நானும் கேட்கவில்லை. கட்டிலோரம்தான் வேண்டுமா என்று கேட்கலாம் அல்லவா? மருத்துவமனையில் நெடுங்காலம் இரவுப் பணி பார்த்தவள் நான். ஆழ்ந்த உறக்கத்திலிருந்து திடீரென எழுப்பப்பட்டவரின் தெளிவு சில நிமிடங்களுக்கு, சிலருக்கு அரைமணி நேரம் வரைகூட, மங்கியே இருக்கும். அந்த நிலையில் கதவருகே நிற்பது தண்ணீர் குடிக்க எழுந்த தாயாரா, மகனா, அயலாரா என்று பிரித்தறிய முடியாத கை, படுத்தபடியே எட்டும் தூரத்தில் ஆயுதம் இருப்பதை நான் விரும்பமாட்டேன்.

இன்னொன்று. பிள்ளைகளுக்குத் தெரியாது என்று பெற்றோர் நம்பும் எதுவும் பிள்ளைகளுக்குத் தெரியாமல் இருப்பதில்லை. அலமாரியின் மேல்தட்டும் துணிமணிகளுக்கு அடியும் ஒளிப்பிடங்களே அல்ல. 2005இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ‘ஜாமா’ இதழில் வெளிவந்த ஆய்வொன்று நான்கு பழக்கங்களைத் தனித்தனியாக எடுத்துப் பார்த்தது: துப்பாக்கியைப் பூட்டி வைப்பது, தோட்டா நிரப்பாமல் வைப்பது, தோட்டாக்களைப் பூட்டி வைப்பது, தோட்டாக்களை வேறிடத்தில் வைப்பது. நான்கில் ஒவ்வொன்றும் பிள்ளைகள், பதின்ம வயதினர் ஆகியோருடைய தற்கொலை, தற்செயல் காயம் ஆகியவற்றின் ஆபத்து குறைவதோடு தொடர்புடையதாக இருந்தது. ஆபத்து என்றால் நாம் உடனே திருடனை நினைக்கிறோம். மனம் உடைந்த ஓர் இரவில் வீட்டிலுள்ள ஒருவருக்குத் தோன்றும் எண்ணத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. அந்த எண்ணத்துக்கும் செயலுக்கும் இடையில் பூட்டு கொடுக்கும் அவகாசம் உயிரைக் காக்கும். ஐயா, அந்த ஒருவர் நீங்களாகவும் இருக்கலாம் என்பதைக் கடுமையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பூட்டைத் திறக்கத் தெரிந்த ஒரே ஆள் நீங்கள்தான் என்பதால் சொல்கிறேன்.

சுபாங்_சுடுதளம் எழுதியது:

அக்கா சொல்வதில் முதல் பாதியை நான் முழுமையாக ஏற்கவில்லை. ஆயுதம் கீழ்த்தளத்தில் இருந்து, ஆள் மேல்தளத்தில் உறங்கினால், சத்தம் கேட்டவர் ஆயுதத்தை எடுப்பதற்காகத் திருடனை நோக்கியே படியிறங்கிப் போக வேண்டியிருக்கும். அது கட்டிலோரப் பெட்டகத்தைவிட மோசமான ஏற்பாடு. ஆனால் ‘படுத்தபடியே எட்டும் தூரம்’ என்பதை நானும் எதிர்க்கிறேன். எழுந்து நின்று, மூன்று நான்கு அடி நடந்து, விளக்கைப் போட்டு, எண்ணை அழுத்த வேண்டிய இடத்தில் பெட்டகம் இருந்தால், அந்த நடையே ஆளை எழுப்பிவிடும். படுக்கையறைக்குள், ஆனால் கட்டிலை விட்டு எழ வேண்டிய தொலைவில் என்பதே என் கருத்து.

பிரிக்ஃபீல்ட்ஸ்_தாதி எழுதியது:

அதற்கு நான் உடன்படுகிறேன் தம்பி. படுக்கையறைக் கதவுக்கு உள்தாழ்ப்பாளும், பின்சந்துப் பக்கச் சமையலறைக்கு நல்ல இரும்புக் கம்பிக் கதவும், அலாரமும் போட்ட பிறகு மிஞ்சும் கவலைக்குத்தான் பெட்டகம் என்பதையும் ஐயா நினைவில் வைக்கட்டும். கதவு தாக்குப்பிடிக்கும் அந்தச் சில நிமிடங்களில் 999ஐ அழைத்துவிடலாம்.

ஆயர்_ஈத்தாம்_வணிகர் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. தாதி அம்மா எழுதியதை மனைவியிடம் படித்துக் காட்டினேன். அவர் ஏற்கெனவே அதே கருத்தில்தான் இருந்திருக்கிறார். என் தாயாருக்கு மறதி தொடங்கியிருக்கிறது. இரவில் எழுந்து அறை அறையாக நடப்பார். அதையும் எண்ணிப் பார்க்கையில், கட்டிலோரச் சிறுமேசை என்ற எண்ணத்தைக் கைவிடுகிறேன். படுக்கையறையில் சுவரோடு சேர்த்துக் கட்டிய துணி அலமாரி இருக்கிறது. அதன் ஒரு பக்கம் குளியலறைச் சுவர். மறுபக்கம் பக்கத்து வீட்டோடு பொதுவான சுவர். மூலையில் ஒரு தூண் தெரிகிறது. எதில் பதிப்பது?

பட்டர்வொர்த்_கட்டுமானம் எழுதியது:

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். ஐயா, தூணில் பதியுங்கள். மற்ற இரண்டும் ஏன் கூடாது என்று விளக்குகிறேன்.

இழுப்பறையில் திருகுவதைப் பற்றி முதல் பதிவில் கேட்டிருந்தீர்கள். இந்தப் பெட்டகங்களின் எடை பெரும்பாலும் பத்துக் கிலோவைத் தாண்டாது. பலகையில் திருகிய பெட்டகத்தைப் பலகையோடு பெயர்த்து, கோயில் உண்டியலைத் தூக்குவது போல அக்குளில் இடுக்கிக்கொண்டு போய்விடலாம். பிறகு எங்கோ ஓரிடத்தில் நிதானமாக வெட்டித் திறந்துகொள்வார்கள். கட்டிலின் காலில் சுற்றும் கம்பிவடமும் அப்படித்தான். கம்பி அறுப்பான் வைத்திருப்பவருக்கு அது தடையே இல்லை. கட்டடத்தோடு இணைந்திருந்தால்தான் பெட்டகத்தின் தகட்டுக்கும் பூட்டுக்கும் மதிப்பு. அமெரிக்கக் காணொளிகளில் அவர்கள் சுவருக்குள் இருக்கும் மரச்சட்டத்தைத் தட்டிக் கண்டுபிடித்து நீளத் திருகாணி போடுவார்கள். நம் சுவரில் அந்தச் சட்டமே கிடையாது.

பொதுச் சுவரில் வேண்டாம் என்பதற்குக் காரணம், பழைய தொடர் வீடுகள் பலவற்றில் அது ஒற்றைச் செங்கல் தடிமன்தான். இரண்டு பக்கப் பூச்சையும் கழித்தால் நாலரை அங்குலம் மிஞ்சும். விரிவு ஆணி செங்கலில் விரியும்போது, குறிப்பாக விளிம்புக்கு அருகில், செங்கல் பிளந்துவிடும். ஆணி இறுகியது போலத் தோன்றும், இழுத்தால் கையோடு வரும். துளை சற்று ஆழமானால் பக்கத்து வீட்டுக்காரர் படுக்கைக்கு மேல் பூச்சு உதிரும். அது வேறு சண்டை. குளியலறைச் சுவரில் நீர்க்குழாய் எந்த வழியாக ஓடுகிறது என்பது பழைய வீட்டில் யாருக்கும் தெரியாது. குழாயில் படாவிட்டாலும், ஓட்டுக்குப் பின்னால் உள்ள நீர்த்தடுப்புப் பூச்சைத் துளைத்துவிட்டால் சில மாதங்களில் ஈரம் கசிந்து பெட்டகத்துக்குள்ளேயே வரும்.

தூண் இரும்புக் கம்பி வைத்த கான்கிரீட். அதற்கு 10 மில்லிமீட்டர் விரிவு ஆணிகள் நான்கு போதும். பூச்சைக் கணக்கில் சேர்க்காமல் கான்கிரீட்டுக்குள் மட்டும் ஏறத்தாழ 60 மில்லிமீட்டர் இறங்க வேண்டும். பூச்சின் தடிமனை முதல் துளையில் கவனியுங்கள். தூளின் நிறம் மாறும் இடத்தில் பூச்சு முடிகிறது. துளைப்பான் சட்டென்று முன்னேற மறுத்தால் கம்பியில் முட்டியிருக்கிறது. அதை வெட்ட முயலாமல் துளையை இரண்டு விரல் தள்ளிப் போடுங்கள். துளைக்குள் இருக்கும் தூளை ஊதி, தூரிகையால் சுத்தம் செய்து, மறுபடி ஊதிய பிறகே ஆணியை இறக்க வேண்டும். தூள் இருந்தால் பிடிமானம் பாதியாகிவிடும். பெட்டகத்தின் உட்புறத்தில் ஒவ்வோர் ஆணித் தலைக்கும் கீழே அகலமான எஃகு வளையம் போடுங்கள். வளையம் இல்லாவிட்டால் நெம்புகோல் போட்டு இழுக்கும்போது ஆணி நிற்கும். தகடு கிழிந்து பெட்டகம் வந்துவிடும். தகட்டைப் பற்றிச் சொல்வதானால், 14 கேஜ் என்பது 1.9 மில்லிமீட்டர், 12 கேஜ் என்பது 2.7 மில்லிமீட்டர் அளவு. எண் குறையக் குறையத் தடிமன் கூடும். கடையில் கேட்பவர்கள் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். 12 கேஜ் தகட்டைவிட மெல்லியதாக இல்லாமல் பாருங்கள்.

கோலாலம்பூர்க் கொண்டோவில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. புதிய அடுக்ககங்கள் சிலவற்றில் உட்சுவர்கள் இலேசான காற்றறைக் கற்களால் ஆனவை. விரலால் தட்டினால் மந்தமாக ஒலிக்கும். அதில் சாதாரண விரிவு ஆணி நிற்காது. இரசாயனப் பசை ஆணி தேவை. சில அடுக்ககங்களில் சுவர் முழுவதும் கான்கிரீட் வார்ப்பு; பிடிமானம் நன்று, ஆனால் மின்கம்பிக் குழாய்கள் உள்ளேயே வார்க்கப்பட்டிருக்கும். மின்செருகிக்கும் விசைப்பலகைக்கும் நேர் மேலும் நேர் கீழும் துளையிட வேண்டாம். நிர்வாகக் குழுவிடம் அனுமதி கேட்கும்போது சுவரில் தட்டு மாட்டுவதாகச் சொன்னால் போதும். என்ன பெட்டகம் என்று காவலாளி வரைக்கும் தெரிய வேண்டியதில்லை. பதிக்க வரும் ஆளுக்கும் அதே விதி. அட்டைப்பெட்டியைக் குப்பைத் தொட்டிக்கு அருகில் அப்படியே போட்டுவிட்டு வராதீர்கள். வெளியில் அச்சிட்டிருக்கும் துப்பாக்கிப் படம் தாமான் முழுவதற்கும் அறிவிப்பாகிவிடும்.

செலாயாங்_பூட்டுக்காரர் எழுதியது:

கட்டுமான நண்பர் சொன்ன தகட்டுக் கணக்கு சரியானது. தரச்சான்று பற்றிக் கேட்பவர்களுக்காக ஒரு குறிப்பைச் சேர்க்கிறேன். அமெரிக்காவின் யூஎல் 1037 தரத்தின்படி ‘குடியிருப்புப் பாதுகாப்புக் கொள்கலன்’ என்று முத்திரை பெறும் பெட்டகம், கைக்கருவிகளோடு ஒருவர் தாக்கும்போது ஐந்து நிமிடம் தாக்குப்பிடித்தது என்று பொருள். ஐந்தே நிமிடம்தான், அதற்கு மேல் எதையும் அந்த முத்திரை உறுதி செய்யவில்லை. கட்டிலோரப் பெட்டகங்களில் பலவற்றுக்கு அதுகூட இல்லை. ஏஎஸ்டிஎம் எஃப்2456 என்று ஒரு தரம் உண்டு. அது குறிப்பாகச் சிறுவர்கள் திறக்க முடியாத துப்பாக்கிக் கொள்கலன்களுக்கானது. இரண்டில் ஒன்றைத்தான் தேட முடியும் என்றால் நீங்கள் பின்னதைத் தேடுங்கள்.

மாற்றுச் சாவியைப் பற்றி யாரும் பேசவில்லை. எண் பலகைப் பெட்டகத்தோடு இரண்டு சாவிகள் வரும். அவை அதே அலமாரியின் இழுப்பறையில் கிடந்தால், நீங்கள் இவ்வளவு செலவழித்துப் பதித்தது அந்த இழுப்பறைப் பூட்டின் தரத்துக்கு இறங்கிவிடுகிறது. இரண்டையும் கடையின் பெரிய பெட்டகத்தில் வைத்துவிடுங்கள். ‘மின்கலம் தீர்ந்தால் நள்ளிரவில் என்ன செய்வது’ என்ற கவலைக்கு, வெளியிலிருந்து மின்சாரம் கொடுக்கும் முனையுள்ள மாதிரியை வாங்குங்கள். மின்கலத்தை ஆண்டுக்கொரு முறை, தீபாவளிக்கு வீடு சுத்தம் செய்யும்போது, தீர்ந்திருக்கிறதோ இல்லையோ மாற்றிவிடுங்கள்.

சுபாங்_சுடுதளம் எழுதியது:

உள்ளே வைக்கும் முறையைச் சொல்ல வேண்டும். வாங்குவதற்கு முன் பெட்டகத்தின் உள்ளளவைப் பாருங்கள். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது வெளியளவு, பஞ்சு மெத்தையும் இடத்தைத் தின்னும். விசைக்காப்பை முழுமையாக மூடும் கெட்டியான உறையோடு துப்பாக்கியை வைத்தால், அவசரத்தில் கையை நுழைக்கும்போது விரல் விசையில் படாது. ஆனால் தோல் உறை வேண்டாம். தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு உலோகத்தைக் கறுக்கச் செய்யும். பினாங்கில் காற்றின் ஈரப்பதம் எப்போதும் உயர்வாகவே இருக்கும். இரவெல்லாம் குளிரூட்டி ஓடிய அறையில் எஃகு குளிர்ந்திருக்க, காலையில் சன்னலைத் திறந்ததும் வரும் ஈரக்காற்று அதன்மேல் வியர்வையாகப் படியும். நிறம் மாறிக் காட்டும் சிலிக்கா மணிப்பை ஒன்றை உள்ளே வைத்து, நிறம் மாறியதும் காயவைத்துத் திரும்ப வையுங்கள். மெல்லிய எண்ணெய்ப் படலம் போதும்; ஊற்றிவிட வேண்டாம், தோட்டாவின் எரியூட்டிக்குள் எண்ணெய் புகுந்தால் அது வெடிக்காமல் போகலாம்.

என் கவலை பெட்டகத்தைவிட, தினமும் எடுத்து வைக்கும் அந்த நேரத்தைப் பற்றியது. களைத்துப்போய் வீட்டுக்கு வந்த நிலையில் தோட்டா நீக்கும்போதுதான் விபத்துகள் நேர்கின்றன. படுக்கையறைக்குப் போவதற்கு முன், கீழ்த்தளத்தில் ஒரு மூலையில் மணல் நிரப்பிய கனமான வாளியை வைத்து, குழல் வாயை மணலை நோக்கியே பிடித்து, தோட்டாக்கூட்டை முதலில் கழற்றி, துப்பாக்கியின் தோட்டா அறையைத் திறந்து, கண்ணாலும் விரலாலும் வெறுமை என்று உறுதிசெய்த பிறகே மேலே கொண்டு செல்லுங்கள். அந்த நேரத்தில் கைப்பேசி வேறிடத்தில் இருக்கட்டும், பிள்ளைகளும் வேறிடத்தில் இருக்கட்டும். தோட்டாக்களைத் தனியாகப் பூட்டுவதா அதே பெட்டகத்தில் வைப்பதா என்பதில் எங்கள் சங்கத்திலேயே கருத்து வேறுபாடு உண்டு. மறதியுள்ள தாயாரும் பதின்ம வயது மகனும் இருக்கும் வீட்டில், தனித்தனியாக என்பதே என் முடிவு. வேகம் குறையும் என்பது உண்மைதான். அந்த வேகம் இல்லாமல் முடியாது என்ற நிலைமை உங்களுக்கு இருந்தால், துப்பாக்கியை வீட்டுக்குக் கொண்டுவரும் முறையையே காவல்துறையோடு பேசி மாற்ற வேண்டும்.

ஆயர்_ஈத்தாம்_வணிகர் எழுதியது:

உரிமப் பிரிவுக்குக் கடிதம் எழுதிவிட்டேன். பதில் வந்த பிறகுதான் பெட்டகம் வீட்டுக்கு வரும். முடங்கும் எண் பலகை, 12 கேஜ் தகடு, வெளி மின்முனை ஆகிய மூன்றும் உள்ள மாதிரியைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். தோட்டாக்களுக்குக் கீழ்த்தள அலுவலறையில் ஏற்கெனவே உள்ள சிறிய இரும்புப் பெட்டியைத் தூணோடு பதிக்கச் சொல்லியிருக்கிறேன். கட்டுமான ஐயாவிடம் கடைசியாக ஒரு கேள்வி. அலமாரியின் பின்பலகை தூணுக்கு முன்னால் ஓர் அங்குலம் விலகி நிற்கிறது. பலகையின் மேலேயே பெட்டகத்தை வைத்து நீள ஆணி போடலாமா?

பட்டர்வொர்த்_கட்டுமானம் எழுதியது:

போடக் கூடாது ஐயா. இடையில் வெற்றிடம் இருந்தால் இறுக்கும்போது பலகை வளையும், பெட்டகத்தின் முதுகும் வளையும். கதவு சரியாக மூடாது. நெம்புகோல் நுழையவும் அந்த இடைவெளியே போதும். பெட்டகத்தின் அளவுக்குப் பின்பலகையை வெட்டி எடுத்துவிட்டு, பெட்டகத்தின் முதுகு நேரடியாகத் தூணில் அமரும்படி செய்யுங்கள். பூச்சு மேடுபள்ளமாக இருந்தால் ஆணி இருக்கும் இடங்களில் எஃகுச் சில்லு வைத்துச் சமன்படுத்தலாம். மரச்சில்லு வேண்டாம், கறையான் வரும். உயரம் உங்கள் மார்பளவுக்கு இருக்கட்டும், கதவு திறக்கும் பக்கம் சுவரில் இடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். நான்கு ஆணிகளையும் முதலில் பாதி இறுக்கி, கதவைத் திறந்து மூடிப் பார்த்த பிறகு மூலைக்கு மூலை மாற்றி முழுமையாக இறுக்குங்கள்.